வெண்கோல் முதல் திரைவாசிப்பான் வரை: எதை எந்த வழியில் பெறுவது?

என் பெரியப்பாவுக்கு 63 வயதில் கிளாக்கோமா முற்றிப்போயிருப்பது தெரியவந்தபோது, நாங்கள் முதலில் செய்தது இணையக்கடையில் பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கியதுதான். பார்வை குறைந்தால் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும் என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவருக்கோ அந்த லென்ஸ் வழியாக நாளிதழின் ஒரு சொல்கூட முழுதாகப் பிடிபடவில்லை. கிளாக்கோமாவில் பார்வைப்புலம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுவில் சிறு வட்டம் மட்டும் மிஞ்சுகிறது. அந்த வட்டத்துக்குள் எழுத்தைப் பெரிதாக்கினால், நான்கு எழுத்துகள் தெரிந்த இடத்தில் ஓர் எழுத்துதான் அடங்கும். விழித்திரையின் நடுப்பகுதி சிதைகிற மாகுலா நோய் உள்ளவருக்கு அதே லென்ஸ் நன்றாகவே உதவியிருக்கும்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான பொருள்களும் சேவைகளும் தமிழ்நாட்டில் பெரும்பாலும் நான்கு வழிகளில் கிடைக்கின்றன: கண் மருத்துவமனைகளின் குறைபார்வைப் பிரிவு, அரசின் உதவி உபகரணத் திட்டங்கள், இத்துறையிலேயே இயங்கும் நிறுவனங்கள், இணையக்கடைகள். இவற்றை விலையை வைத்து மட்டும் ஒப்பிடுகிறவர்களே அதிகம். பயன்படுத்தக் கற்றுத்தருவது யார், பழுதானால் எங்கே போவது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால், வரிசை தலைகீழாக மாறிவிடுகிறது.

என் கணிப்பில் எவரும் முதலில் போக வேண்டிய இடம் குறைபார்வைப் பிரிவுதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் இதற்கெனத் தனிப்பிரிவுகள் உள்ளன. அங்கே எழுத்துப் பலகையை மட்டும் காட்டி அனுப்புவதில்லை. அருகிலுள்ளதைப் படிக்கும் திறன், பார்வைப்புலத்தின் அகலம், வெளிர்நிறங்களை வேறுபடுத்தும் திறன் ஆகியவற்றைச் சோதித்து, வீட்டில் நீங்கள் எந்தெந்த வேலையைச் செய்ய விரும்புகிறீர்கள் என்றும் கேட்கிறார்கள். பெரியப்பாவுக்கு ஒரு மருத்துவமனையில் கிடைத்த முதல் உபகரணம், நடுவில் நீளவாக்கில் ஒரு வரி தெரியும் அளவுக்கு வெட்டப்பட்ட கறுப்பு அட்டை. அதைப் பக்கத்தின்மேல் வைத்தால், தாளின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யாமல் ஒற்றை வரி மட்டும் துலக்கமாகத் தெரிகிறது. அடுத்த வரிக்குத் தாவும்போது வழிதவறுவதும் இல்லை. லென்ஸுக்குக் கொடுத்த பணத்தில் அப்படி நூறு அட்டைகளை வெட்டியிருக்கலாம்.

அரசு வழியைப் பற்றிப் பேசுமுன் சான்றிதழைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உதவி உபகரணங்கள் வழங்கும் மத்திய அரசின் ஏடிப் திட்டத்துக்கு 40 சதவீதக் குறைபாட்டுச் சான்றிதழ் தேவை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையை எழுத்துப் பலகையின் அளவால் மட்டும் வரையறுக்கவில்லை. பார்வைப்புலம் 40 பாகைக்குக் கீழே சுருங்கியிருந்தாலும் அது குறைபார்வையே, 10 பாகைக்கும் குறைந்தால் பார்வையின்மை. பலகையில் கீழ்வரிசை எழுத்துகளைப் படித்துவிட்டதாலேயே, "உங்களுக்குத்தான் கண் தெரிகிறதே" என்று பெரியப்பாவை ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். பார்வைப்புலச் சோதனையின் அறிக்கையை எடுத்துச்சென்ற பிறகுதான் வேலை நடந்தது. கிளாக்கோமா உள்ளவர்கள் அந்த அறிக்கையின் நகல் இல்லாமல் எங்கும் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சான்றிதழ் கையில் இருந்தால், வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு, உபகரணங்களை வழங்க அரசு நடத்தும் முகாமைப்போல மலிவான வழி வேறில்லை. கான்பூரில் 1972இல் தொடங்கப்பட்ட, உதவி உபகரணங்களைத் தயாரிக்கும் அரசு நிறுவனமான அலிம்கோவின் தயாரிப்புகள் பெரும்பாலும் இம்முகாம்கள் வழியாகவே வந்து சேருகின்றன. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பதிந்துவைத்தால் முகாம் எப்போது என்பது தெரியும். ஆனால் முகாம் நடக்கும்வரை காத்திருக்க வேண்டும். பெரியவர்கள் ஒருமுறை பெற்ற பொருளை மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் பெற முடியாது. நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்கும் இடத்தில் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவதும் கடினம்.

பயிற்சியோடு பெறுவதற்கும் பயிற்சி இல்லாமல் பெறுவதற்கும் உள்ள வேறுபாடு, பார்வையற்றோர் வழியைத் தடவி நடக்கப் பயன்படுத்தும் வெண்கோலில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. வெண்கோலின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். நேராக நின்று முன்னால் ஊன்றினால் அதன் மேல்முனை ஏறத்தாழ மார்பெலும்பின் கீழ்முனையைத் தொட வேண்டும். வேகமாக நடப்பவருக்கு அதைவிடச் சற்று நீளமாகவும் வேண்டியிருக்கும். இணையத்தில் வாங்கிய மடக்குக்கோல் பெரியப்பாவின் வயிற்றளவுக்குத்தான் வந்தது. அதை ஊன்றிக் குனிந்து நடந்ததில் பள்ளம் இருப்பது கால் வைத்த பிறகே தெரிந்தது. இடதுகால் முன்னே போகும்போது கோலின் முனை வலப்பக்கம் தொட வேண்டும், வலதுகால் போகும்போது இடப்பக்கம்; அடுத்த அடி விழப்போகும் இடத்தை முன்கூட்டியே தடவிப் பார்ப்பதுதான் இதன் நோக்கம். இதைக் கையைப் பிடித்துக் கற்றுத்தர ஒரு நடமாட்டப் பயிற்றுநர் வேண்டும். பூந்தமல்லியில் தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் மேம்பாட்டு நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. பெர்கின்ஸ் பிரெய்லி தட்டச்சுப்பொறியைத் தயாரித்துப் பேர்பெற்ற காட்பாடி வொர்த் டிரஸ்ட்டும் இத்துறையிலேயே ஊறிய இடம். இத்தகைய இடங்களில் விசாரித்து, அளவெடுத்து, பயிற்சியோடு சேர்த்து வெண்கோலைப் பெறுவதையே நான் பரிந்துரைப்பேன்.

இதற்குப் போட்டியாகச் சொல்லப்படுவது ஸ்மார்ட்கேன். தில்லி ஐஐடியில் உருவாக்கப்பட்டு, சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிப்பாக 2014இல் வெளிவந்த இந்தக் கருவி, மடக்குக்கோலின் கைப்பிடியில் பொருத்தப்பட்டு, மீயொலி அலைகளால் சுமார் 3 மீட்டர் தொலைவு வரையுள்ள தடைகளை அறிந்து அதிர்வால் உணர்த்துகிறது. சாதாரணக் கோல் தரையில் இருப்பதை மட்டுமே சொல்லும். லாரியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியையும் தாழ்ந்து தொங்கும் மரக்கிளையையும் ஸ்மார்ட்கேன் முகத்தில் இடிக்குமுன் காட்டிக்கொடுக்கும். ஆனால் திறந்துகிடக்கும் சாக்கடையைக் கோலின் முனைதான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே வெண்கோலில் கை பழகாதவருக்கு ஸ்மார்ட்கேனை முதலில் வாங்கித் தருவது சரியல்ல. பழகியவருக்கு, அதுவும் வெளியே தனியாகப் போய்வருபவருக்கு, அது மிகவும் உதவும்.

திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானில், கணினிக்கு எதைத் தேர்வது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட என்விடிஏ இலவசம். தமிழையும் படிக்கும், குரல் சற்று இயந்திரத்தனமாக இருந்தாலும். ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பான் விலை உயர்ந்தது. உரிமம் இல்லாமல் பயன்படுத்தினால் 40 நிமிடத்தில் நின்றுவிடும், பிறகு கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அலுவலகத்தில் ஜாஸ் கட்டாயம் என்றாலொழிய, வீட்டுக்கு என்விடிஏ போதும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் பெரும்பாலும் முன்பே இருக்கிறது. இவை மூன்றையும் தடுமாறவைப்பது நம்முடைய பழைய எழுத்துருக்கள். பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்த ஆவணத்தை அடியில் ரோமன் எழுத்துகளாகவே காணும் திரைவாசிப்பான், பொருளற்ற எழுத்துக் கோவையைத்தான் உச்சரிக்கும். அலுவலகங்களும் பள்ளிகளும் யூனிகோடில் மட்டுமே ஆவணம் அனுப்பினால், எந்தக் கருவியையும் வாங்காமலேயே பாதிச் சிக்கல் தீரும்.

பணத்தாளை அடையாளம் காண ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் மணி என்ற செயலியை வெளியிட்டது. கைப்பேசியின் கேமராவைத் தாளுக்கு நேரே காட்டினால் மதிப்பைச் சொல்கிறது. இணைய இணைப்பும் தேவையில்லை. தொட்டறிவதற்காகத் தாளிலேயே உள்ள அடையாளங்கள் இன்னொரு வழி. புதிய வரிசையின் 100, 200, 500 ரூபாய்த் தாள்கள் மூன்றும் 66 மில்லிமீட்டர் அகலம்தான். நீளம் மட்டும் 142, 146, 150 என்று நான்கு நான்கு மில்லிமீட்டராகக் கூடுகிறது. ஓரங்களில் மேடாக அச்சிடப்பட்ட சாய்கோடுகள் 100இல் நான்கு, 500இல் ஐந்து. 200இல் நான்கு கோடுகளோடு இரண்டு வட்டங்கள். புதுத்தாளில் விரலுக்குப் பிடிபடும் இவை, கைமாறிக் கசங்கிய தாளில் தேய்ந்துபோகின்றன. பேருந்தில் நடத்துநர் காத்து நிற்கும்போது செயலியைத் திறந்து கேமராவை நேராகப் பிடிப்பதும் எளிதல்ல. பெரியப்பா இரண்டையும் சேர்த்துக்கொண்டார். வீட்டில் நிதானமாக மணி செயலியால் பிரித்து, 100ஐ மடிக்காமலும், 200ஐக் குறுக்கே ஒருமுறை மடித்தும், 500ஐ நீளவாக்கில் மடித்தும் பையில் வைக்கிறார். மீதிச் சில்லறை வாங்கும்போது மட்டும், ஒவ்வொரு தாளும் என்ன மதிப்பு என்று கடைக்காரரைச் சொல்லச் சொல்லி, அங்கேயே நின்று அந்தந்த விதமாக மடித்துக்கொண்டுதான் கிளம்புகிறார்.