நேரம் மாறிய டிக்கெட்: காசைத் திரும்ப வாங்குவதா, வேறு பிளைட் கேட்பதா?

எயார்லைன் தானாக நேரத்தை மாற்றிவிட்டு மின்னஞ்சல் அனுப்பினால் மூன்று வழி இருக்கிறது. வந்ததை அப்படியே ஏற்கலாம். காசைத் திரும்ப வாங்கி வேறு டிக்கெட் எடுக்கலாம். அல்லது அதே டிக்கெட்டில் நமக்குத் தோதான பிளைட்டைக் கேட்டு மாற்றலாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்குத் தங்கச்சியிடம் போனபோது நான் செய்தது மூன்றாவது. மட்டக்களப்பிலிருந்து வெளிக்கிடுகிறவர்களுக்கு அதுதான் சரி என்பது என் கட்சி.

ஏற்பதைப் பற்றி அதிகம் பேச இல்லை. அரை மணி, ஒரு மணி மாற்றம் என்றால் ஏற்றுவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆனால் மின்னஞ்சலில் இருக்கும் ‘ஏற்கிறேன்’ பட்டனை அவசரப்பட்டு அமத்த வேண்டாம். அமத்தினால் சம்மதம் சொன்ன கணக்கு. பிறகு இலவசமாக மாற்றக் கேட்பது கஷ்டம்.

காசைத் திரும்ப வாங்கிப் பார்த்தது நான் இல்லை, மச்சான். அவருக்குக் கிடைத்தது, ஆனால் ஆறுதலாக. ஏஜென்சியில் எடுத்த டிக்கெட் என்றால் காசு அவர்கள் கைக்குப் போய்த்தான் நமக்கு வரும். அதற்குள் புது டிக்கெட்டுக்கு வேறு காசு தேட வேண்டும். நாள் கிட்டக் கிட்ட விலையும் ஏறும். ஆகஸ்ட், டிசம்பர் என்றால் கேட்கவே வேண்டாம். பயணமே தள்ளிப்போகிறது, அல்லது வேறு எயார்லைனில் அதே விலைக்குக் கிடக்கிறது என்றால் மட்டும் இந்த வழி நல்லது.

இனி முக்கியமான விஷயம். எயார்லைன்காரரின் கணக்கு கொழும்புப் பக்கமுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் தொடங்குகிறது, நம்முடையது வீட்டுப் படலையில். ஊரில் ஒரு விமான நிலையம் இருந்தும் லண்டன் போகக் கட்டுநாயக்கவுக்குத்தான் ஓட வேண்டும். எங்கள் பிளைட் மாலையிலிருந்து அதே நாள் அதிகாலை 4.30க்கு மாறியிருந்தது. 3 மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும் என்றால் 1.30. பொலநறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக வேனில் 7, 8 மணித்தியாலம். அம்மா இறங்கிக் கால் நீட்ட, தேத்தண்ணி குடிக்க என்று இன்னும் ஒன்று. ஆக முதல் நாள் பின்னேரம் 4.30க்கே வெளிக்கிட வேண்டும். மின்னேரியா, ஹபரணைப் பக்கம் போகும்போது நல்ல இருட்டு. யானை றோட்டில் நின்றால் அது விலகும்வரை லைட்டைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இடையில் இறங்கி மாறி ஏறும் அடுத்த பிளைட்டின் நேரம் மாறாததால் அங்கே காத்திருப்பும் பாதி நாள் கூடிவிட்டது. “இரவு முழுக்க றோட்டில, பிறகு பிளைட்டிலயா மனே?” என்றார் அம்மா. இந்த இரவுக்குக் காசு திரும்ப வாங்குவதில் பதில் இல்லை. நேரத்தை மாற்றினால்தான் உண்டு.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “ஏதாவது நல்லதாப் பார்த்துத் தாங்கோ” என்றால் கம்ப்யூட்டர் காட்டுவதைத்தான் தருவார்கள். முதலில் எயார்லைன் இணையத்தளத்தில் முன்பின் நாட்களில் எந்தப் பிளைட்டில் இடம் இருக்கிறது என்று பார்த்து, நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, “நேரத்தை மாற்றியது நீங்கள். இந்தத் திகதி, இந்த நம்பர் பிளைட்டில் 2 சீட் வேண்டும், மேலதிகக் கட்டணம் இல்லாமல்” என்று சொல்லுங்கள். ஒருவர் மறுத்தால் சண்டை வேண்டாம். பிறகு திரும்பப் போன் எடுத்தால் வேறொருவர் பேசுவார். ஏஜென்சி டிக்கெட் என்றால் எயார்லைன்காரர் ஏஜென்சிக்கே போகச் சொல்லக்கூடும். எங்களையும் அப்படித்தான் திருப்பினார்கள். ஏஜென்சித் தம்பியிடம் பிளைட் நம்பரைக் கொடுத்ததும் அடுத்த நாள் மாலைப் பிளைட் கிடைத்தது. விடியப் புறப்பட்டு வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்தோம். சேர்விஸ் சார்ஜ் உண்டா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரையில் புது நேரம் தெரிந்தால் மட்டும் போதாது. டிக்கெட்டையே திரும்ப வழங்கியிருக்க வேண்டும். 13 இலக்க டிக்கெட் நம்பரோடு புதுப் பிரதி வந்ததா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கவுண்டரில் இழுபறி.

திரும்பி வரும் பயணத்தில் நம் கை கொஞ்சம் ஓங்கும். பிரித்தானியாவிலிருந்து புறப்படும் பிளைட் எந்த எயார்லைனுடையதாக இருந்தாலும் அந்த நாட்டுச் சட்டத்துக்குள் வரும். ரத்தானால் காசா, மாற்றுப் பயணமா என்று தெரிவு செய்வது பயணி. 14 நாளுக்குக் குறைவாக அறிவித்தால் நட்டஈடும் கேட்க இடமுண்டு. வளைகுடா எயார்லைனில் கொழும்பிலிருந்து போகும்போது அந்தச் சட்டம் கைகொடுக்காது, அவர்களுடைய சொந்த விதிகளை வைத்துத்தான் பேச வேண்டும்.

இதெல்லாம் ஒரே டிக்கெட்டில் போகிறவர்களுக்கு. மலிவு என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்திருந்தால், முதலாவது எயார்லைனுக்கு இரண்டாவது பிளைட்டைப் பற்றிக் கவலையே இல்லை. அந்த நிலையில் காசைத் திரும்ப வாங்குவதையும் சேர்த்து யோசிப்பேன்.