செப்புக் குழாய் ஒட்ட கேஸ் டார்ச் வாங்குவோர் கவனத்திற்கு

வீட்டு வெந்நீர்க் குழாய் வேலைக்காக இந்த ஜனவரியில் உதகையில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கிய கேஸ் டார்ச், சமையலறையில் இனிப்பின் மேற்புறத்தைக் கருக்கப் பயன்படும் சிறு கருவிதான் என்பதையும், அதனுடன் கொடுத்த கேஸ் குப்பியின் மீது பொய்யான ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது என்பதையும் மற்றவர்கள் அறிய எழுதுகிறேன்.

22 மில்லிமீட்டர் செப்புக் குழாய்களுக்குச் சால்டர் (உருக்கி இணைப்பை ஒட்டும் உலோகக் கலவை) வைக்க வேண்டும், உறைபனிக் காலத்துக் காலை வேளையில் வேலை நடக்கும் என்று சொல்லித்தான் கேட்டேன். கடைக்காரர் பெட்டியில் அச்சிட்டிருந்த 1300 டிகிரி என்ற எண்ணைக் காட்டி, "ஈயம் கலக்காத சால்டர் உருக 230 டிகிரி போதும் சார், இது தாராளம்" என்றார். மெழுகுவர்த்திச் சுடரின் வெப்பநிலைகூட ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அதை வைத்து யாரும் குழாய் ஒட்டுவதில்லை. செம்பு வெப்பத்தை வேகமாக இழுத்துக் குழாய் நெடுகக் கடத்திவிடும் உலோகமாதலால், சுடர் எவ்வளவு சூடு என்பதைவிட, நொடிக்கு எவ்வளவு வெப்பத்தை அது குழாய்க்குள் செலுத்துகிறது என்பதே கணக்கு. அந்த அளவு பெட்டியில் எங்கும் இல்லை.

பிளம்பர் எவ்வளவு நேரம் சுடரைக் காட்டியும் எல்போ (குழாய் திரும்பும் இடத்தில் வைக்கும் வளைவு இணைப்பு) போதிய அளவு சூடேறவில்லை; சால்டர் பிடிக்க முன்கூட்டியே தடவும் ஃபிளக்ஸ் பசை கருகியது. குழாயைத் தொட்டு உருக வேண்டிய சால்டர் சுடரில் உருகி, இணைப்பின் இடுக்குக்குள் இறங்காமல் வெளியே மணிமணியாக நின்றது. அவ்வாறு நின்ற இணைப்பு பார்வைக்கு ஒழுங்காகத் தெரிந்தாலும், தண்ணீர் திறந்தவுடன் கசிந்தது.

சுடரும் போகப்போகச் சுருங்கியதால் குப்பியின் மேல் சந்தேகம் வந்தது. 'புரொப்பேன் கலவை' என்ற ஸ்டிக்கரை உரித்தபோது, அடியில் வெறும் பியூட்டேன் என்றே அச்சாகியிருந்தது. குப்பிக்குள் திரவமாக இருப்பது கொதித்து வாயுவானால்தான் சுடருக்கு வரும்; கடல்மட்டத்தில் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலும் கொதிக்கும். மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இந்த அளவு சற்று இறங்கும்தான். ஆனால் வாயு வெளியேற வெளியேறக் குப்பியே குளிர்ந்துவிடுவதால், ஊட்டிக் குளிரில் அந்தச் சலுகை நீடிப்பதில்லை. சமவெளியில் தப்பித்துக்கொள்ளும் இந்தப் பித்தலாட்டம் இங்கே உடனே வெளிப்பட்டுவிடுகிறது. பிறகு ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவரிடம் இரவல் வாங்கிய புரொப்பேன் டார்ச்சில், வேறொரு எல்போவுக்குச் சால்டர் ஒரு நிமிடத்துக்குள் சுற்றிலும் உள்ளிழுக்கப்பட்டது.

திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, குப்பியைத் திறந்தாயிற்று என்று மறுத்தார்கள். பில் கேட்டதற்கு முதல் நாள் தந்ததைப் போன்ற துண்டுச் சீட்டையே மறுபடியும் நீட்டினார்கள். ஆகவே வாங்குமுன் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். குப்பியிலேயே அச்சிட்ட வாயுப் பெயரைப் படியுங்கள். கடையிலேயே டார்ச்சைப் பற்றவைத்துச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். சாய்த்தவுடன் மஞ்சள் நெருப்பு சீறினால் திரவ வாயு வெளிவருகிறது என்று பொருள். மர வீடுகளில் அது பேராபத்து. முறையான பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

உரித்த ஸ்டிக்கரின் படத்துடன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதே ஸ்டிக்கருடன் அந்தக் குப்பிகள் இன்னும் அந்தக் கடையில் விற்பனைக்கு இருக்கின்றன.