சுங்கை சிப்புட் சக்கர நாற்காலி வேன் பட்டறை: தரை வேலைக்கு முழு மதிப்பெண், சாய்தளத்துக்கு இல்லை

வேனைக் கொண்டுபோய் விட்டதும் தரையைத் துளைக்கத் தொடங்காத பட்டறை இது. நம்புவதற்கு அதுவே முதல் காரணம். இருக்கையைக் கழற்றி நாற்காலிக்கு இடம் ஒதுக்குவது, பதிவான வண்டியின் அமைப்பையே மாற்றுவது. மலேசியாவின் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அதற்கு ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி தேவை. வரைபடம், அனுமதிக் கடிதம், அப்புறம் வேலை, ஆய்வு, கடைசியில் கிரானில் (வண்டி உரிமைப் பத்திரத்தில்) இருக்கை எண்ணிக்கைத் திருத்தம் என்று வரிசை மாறாமல் போகிறார்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மறைத்தால் விபத்துக்குப் பிறகு இழப்பீடு சிக்கலாகும்.

சிறிய பட்டறைக்கு இந்த நடைமுறை பெரிய சுமை. கடிதம் வரும்வரை வண்டி கொட்டகையை அடைத்துக்கொண்டு நிற்கும், நாற்காலியை ஏற்றும் லிஃப்டுக்குக் கட்டிய முன்பணமும் முடங்கும். ஆகவே அளவெடுக்க ஒரு நாள் மட்டும் விட்டுவிட்டு, கடிதம் வரும்வரை வேனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஆய்வு புஸ்பாகோம் நிறுவனத்தின் தனியுரிமையாக இருந்தது 2024 ஆகஸ்டோடு முடிந்தது. ஆனாலும் தப்பான வேலையை எந்த ஆய்வும் சரிசெய்து தராது.

தரை வேலைதான் இவர்களின் பலம். வேனின் தரைத் தகடு ஏறக்குறைய 1 மி.மீ. தடிப்புதான். நாற்காலியைப் பிணைக்கும் தண்டவாளத்தை அதில் போல்ட்டும் வாஷரும் மட்டும் போட்டு இறுக்கினால், மோதும்போது போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். நாற்காலிப் பிணைப்புக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 10542 சோதனையில் வேகம் மணிக்கு 48 கி.மீ., விசை எடையைப்போல் சுமார் 20 மடங்கு: 85 கிலோ நாற்காலி அந்த நொடியில் 1,700 கிலோபோல் இழுக்கும். இங்கே தகட்டுக்கு அடியில் 5 மி.மீ. இரும்புப் பட்டை வைத்து, 8.8 எனும் உயர்வலுத் தரத்து எம்10 (10 மி.மீ.) போல்ட்டில் இறுக்குகிறார்கள். துளைத்த விளிம்பில் துத்தநாகப் பிரைமரும் பூசுகிறார்கள். செம்மண் சேறு தெறிக்கும் தோட்டச் சாலையில் அது இல்லாவிட்டால் துரு அங்கிருந்துதான் பிடிக்கும்.

நாற்காலியைத் தரையோடு பிணைக்க நான்கு நாடாப் பட்டைகள். கொக்கிகள் பற்றவைத்த சட்டத்தில் மாட்டப்பட வேண்டும், சக்கரத்திலோ கழற்றும் கால்பலகையிலோ கூடாது. பின்பட்டை தரையோடு 30 முதல் 45 பாகை சாய்வில் இருக்கட்டும். ஆளைக் கட்டும் பெல்ட் இதிலிருந்து தனி. அது கைப்பிடிக்கு மேலே போனால் வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி விழும். கைப்பிடிக்கு அடியில் நுழைத்து இடுப்பெலும்பில் படியவையுங்கள். பின்னிருக்கைப் பெல்ட் 2009 முதல் கட்டாயம். நாற்காலியில் வருபவருக்கு மட்டும் விலக்கு கேட்பது அநியாயம்.

சாய்தளத்தில்தான் சறுக்குகிறார்கள். தரை 60 செ.மீ. உயரமுள்ள வேனுக்கு 2.4 மீட்டர் பலகை கொடுத்தாலும் சரிவு நாலுக்கு ஒன்று. ஆளும் நாற்காலியும் 100 கிலோ என்றால், தள்ளுபவர் 25 கிலோவைத் தாங்கிக்கொண்டே ஏற வேண்டும். தோட்டத்து லயன் (வரிசை) வீட்டு வாசலில் கால்வாய்க்கு முன்னால் அவ்வளவு நீளத்துக்கு இடமும் கிடைக்காது. லிஃப்டே கேளுங்கள். பொத்தானை அழுத்தும்போது டிக்கென்ற சத்தம் மட்டும் வந்து லிஃப்ட் எழாவிட்டால், பேட்டரியோடு, வண்டிச் சட்டத்தில் சேரும் எர்த் கம்பியின் இணைப்பையும் பாருங்கள். ஈரத்தில் அது பச்சை பூத்துத் தளர்ந்துவிடும்.

தரைத் தண்டவாளத்தில் செம்மண் அடைத்தால் பட்டையின் பூட்டு முழுதாக இறங்காது. வாரம் ஒருமுறை தூரிகையால் தேய்த்து, காற்றடித்துவிடுங்கள். வண்டியை எடுக்கும் நாளில், ஆளை உட்காரவைத்து, மின்சாரம் இல்லாதபோது உதவும் கைப்பம்பிலேயே லிஃப்டை ஒருமுறை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.