கொலைகாரரை நன்றாக ஒளித்துவைப்பது எது: நாவலா, சீரியலா?

மூன்றாவது எபிசோடிலேயே ஆளைப் பிடித்துவிட்டேன். துப்பறியும் மூளையெல்லாம் ஒன்றும் இல்லை. தோட்டக்காரர் வேடத்துக்கு அவ்வளவு பேர்பெற்ற நடிகரைப் போட்டிருந்தார்கள். ரெண்டு வரி வசனம் பேசிவிட்டுப் போக அவரை யாராவது கூப்பிடுவார்களா? எட்டாவது எபிசோடில் அவர் கையில் விலங்கு ஏறியபோது எனக்குக் கொட்டாவிதான் வந்தது. அதே கதையை நாவலாக வாசித்திருந்தால் அந்த மனிதர் கடைசி அத்தியாயம் வரை நிம்மதியாகப் புல் வெட்டிக்கொண்டிருந்திருப்பார்.

மர்மக் கதையில் நாவலுக்கும் டிவிக்கும் உள்ள முதல் வித்தியாசம் இதுதான். காகிதத்தில் யாருக்கும் முகம் கிடையாது. "காபி கொண்டுவந்து வைத்தாள்" என்று எழுதினால் அது ஒரு வாக்கியம், கண் தாண்டிப் போய்விடும். அதையே படம்பிடித்தால் காபி கொண்டுவந்தவளுக்கு ஒரு முகம், ஒரு பார்வை, பின்னால் ஒரு இசை எல்லாம் வந்துவிடுகிறது. கேமரா அந்தக் கோப்பை மேல் ரெண்டு வினாடி கூடுதலாக நின்றால் போச்சு, விஷம் அதில்தான்.

அடுத்த பத்தியில் 1926-இல் வந்த ஒரு நாவலின் முடிவை உடைக்கப்போகிறேன். நூறு வருஷம் போதுமான அவகாசம் என்று நினைக்கிறேன். போதாதவர்கள் ரெண்டு பத்தி தாண்டிப் போய்விடுங்கள்.

அகதா கிறிஸ்டியின் 'த மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. கதையை நமக்குச் சொல்பவர் ஊர் டாக்டர். அக்ராய்டின் அறைக்குள் ஒரு கடிதம் வந்தபோது மணி எட்டு நாற்பது என்கிறார். தான் கிளம்பியபோது எட்டு ஐம்பது, கடிதம் இன்னும் படிக்கப்படாமலே இருந்தது என்கிறார். அடுத்தடுத்த ரெண்டு வாக்கியங்கள். நடுவில் பத்து நிமிஷத்தைக் காணோம். டாக்டர் செய்த கொலை அந்த முற்றுப்புள்ளியில் நடந்து முடிந்துவிட்டது! முதல் வாசிப்பில் எந்த உறுத்தலும் இல்லாமல் அந்த இடத்தைக் கடந்துபோனேன். விஷயம் தெரிந்தபிறகு திரும்பிவந்து அதே பக்கத்தை மூன்று தடவை வாசித்தேன். ஒரு பொய்கூட இல்லை. மனிதர் மணியைக்கூட ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். ஏமாந்ததற்குக் கோபம் வரவில்லை, எழுதியவருக்குக் கைகொடுக்க வேண்டும்போல இருந்தது.

இதைத் திரையில் எப்படிக் காட்டுவது? கேமரா அறைக்குள் இருந்தால் கொலை தெரிந்துவிடும். வெளியே நின்றால், ஏன் வெளியே நிற்கிறது என்று பார்க்கிறவர் கேட்பார். கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோவாக டேவிட் சூஷே நடித்த தொடரில் 2000-இல் இதை எடுத்தார்கள். கொலையாளியின் நாட்குறிப்பைப் புவாரோவே வாசிப்பதாக வைத்துச் சமாளித்திருந்தார்கள். சமாளிப்பு என்ற அளவில் சரி. ஆனால் நாவல் முழுக்க 'நான், நான்' என்று என் காதோடு பேசிக்கொண்டிருந்த ஆள் அங்கே பத்தோடு பதினொன்று ஆகிவிட்டார். என்னை ஏமாற்ற அந்த 'நான்' வேண்டும்.

ஆக, புதிருக்கு நாவல்தான். இதில் எனக்கு ரெண்டு கருத்து இல்லை.

ஆனால் செத்துப்போனவரைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள் என்று கேட்டால் என் கட்சி மாறிவிடும். பழைய பாணி நாவல்களில் பிணம் என்பது பெரும்பாலும் கதையைத் தொடங்கிவைக்கும் சாவி. நூலகத்தில் ஒரு உடல், அரைப் பக்க அதிர்ச்சி, உடனே "நேற்றிரவு பத்து மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று விசாரணை ஆரம்பித்துவிடும். அழுவதற்கு யாருக்கும் நேரமில்லை.

டென்மார்க்கில் 2007-இல் வந்த, 'த கில்லிங்' என்று பரவலாக அறியப்பட்ட தொடரின் முதல் சீசன் ஒரே ஒரு கொலைக்கு 20 எபிசோடுகள் எடுத்துக்கொண்டது. முதல் எபிசோடிலேயே நீரிலிருந்து ஒரு காரை வெளியே எடுக்கிறார்கள். காணாமல் போன பெண்ணின் அப்பா அங்கே வந்துவிடுகிறார். அவர் கையில் இருக்கும் போன் துண்டிக்கப்படவில்லை, மறுமுனையில் அம்மா. யாரும் அவளுக்கு எதையும் சொல்வதில்லை. கணவன் கதறுவது மட்டும் காதில் விழுகிறது. நான் அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்துபோய்விட்டேன், அடுத்த நாள்தான் மீதி. அந்தத் தொடரில் கொலையாளி யார் என்பது இன்று எனக்கு மங்கலாகத்தான் இருக்கிறது. அந்த அம்மாவின் முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. முகம் இல்லாததால் நாவல் ஜெயிக்கிறது என்று மேலே சொன்னேனே, அதே காரணத்தால் இங்கே தோற்கிறது.

'கொலம்போ' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் எனக்குச் சிக்கல். கொன்றது யார் என்பதை முதலிலேயே காட்டிவிடுவார்கள், எப்படி மாட்டுகிறார் என்பதுதான் கதை. இந்தத் தலைகீழ் உத்தி டிவியில் பிறந்ததல்ல, ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-லேயே சிறுகதைகளில் செய்துபார்த்தது. இருந்தாலும் கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபாக் வாசல்வரை போய்விட்டு, "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று திரும்பும்போது எதிரே நிற்பவரின் சிரிப்பு அரைக்கணம் உறைகிறதே, அதை எழுதிக் காட்ட ஒரு பத்தி வேண்டும். பத்தி எழுதினால் அந்த அரைக்கணம் போய்விடும்.

இன்னொரு தொல்லை, பார்த்துவிட்டு வாசிப்பது. இன்ஸ்பெக்டர் மோர்ஸ் துப்பறியும் காலின் டெக்ஸ்டரின் நாவல்கள் 13, டிவி எபிசோடுகள் 33. நான் டிவியில் முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் நாவலைத் தொட்டேன். ஆரம்பகால நாவல்களில் மோர்ஸின் உதவியாளரான சார்ஜென்ட் லூயிஸ், அவரைவிட வயதில் மூத்த வேல்ஸ்காரர். திரையிலோ வட இங்கிலாந்துப் பேச்சோடு சுறுசுறுப்பான இளைஞர். எவ்வளவு முயன்றும் அந்த மூத்தவரை என் மனதுக்குள் கொண்டுவர முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால் எழுதியவரே டிவிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். முதலில் மோர்ஸ் ஓட்டிய லான்சியா கார், பின்னால் புத்தகங்களிலும் ஜாகுவார் ஆகிவிட்டது. அவருக்கே அந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்.

அதனால் யாராவது கேட்டால் புத்தகம் முதலில், சீரியல் பிறகு என்றுதான் சொல்வேன். இழப்பையே மையமாக வைத்த கதை என்றால் மட்டும் நேரே திரைக்குப் போகலாம். வேகம், விறுவிறுப்பு என்ற கணக்கெல்லாம் என்னிடம் எடுபடாது. கைது நடக்கும்போது இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருந்தால் ஆள் அவரில்லை. வலது கையில் அறுபது பக்கம் மீதி இருந்தாலும் அதே கதைதான்.

இப்போது ஒரு சீரியலை அக்காவோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் மூலநாவலை வாசித்தவள், நான் வாசிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன், அவளும் வாயே திறப்பதில்லை. ஆனால் கதையில் வரும் அந்தச் சாதுவான அத்தை உள்ளே நுழையும்போதெல்லாம் அக்கா திரையைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறாள்.