ஊர் விடுமுறையில் ஒரு மச்ச பயாப்ஸி

இந்த முறை ஊருக்குப் போனபோது, காலில் இருந்த பழைய மச்சத்தைத் தோல் மருத்துவரிடம் காட்டினேன். சின்ன வயதிலிருந்தே இருப்பது. இப்போது அதன் ஒரு ஓரம் மட்டும் கறுத்துப் பரவ ஆரம்பித்திருந்தது. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் வைத்துப் பார்த்தவர், மேலாகச் சீவாமல் மச்சத்தை முழுதாக வெட்டி எடுத்து ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்பினார். அதற்கு அவருக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். பாதி மட்டும் போயிருந்தால் ஆழத்தைச் சரியாக அளக்க முடியாது.

ரிப்போர்ட்தான் குழப்பியது. வழக்கமான ஹெமடாக்சிலின், இயோசின் சாயங்களில் பார்த்துவிட்டு, 'மச்சத்தில் உருவான மெலனோமாவாக இருக்கலாம், இம்யூனோ செய்து பார்க்கவும்' என்று கடைசியில் ஒரு வரி. மெலனோமா என்பது தோல் புற்றுநோயில் ஒரு வகை; இம்யூனோ என்பது செல்களில் இருக்கும் குறிப்பிட்ட புரதங்களைச் சாயம் போட்டுக் காட்டும் சோதனை. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்தவர்களுக்கு இதுதான் ஆபத்து. அந்த வரியைக் கவனிக்காமலே விமானம் ஏறிவிடலாம். லேபில் பாரஃபின் பிளாக்கை, அதாவது திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டியை, கேட்டு வாங்கி, தோல் திசுக்களையே அதிகம் பார்க்கும் ஒரு பேத்தாலஜிஸ்ட்டிடம் கொடுத்தேன்.

அவர் செய்த வேலை அருமை. முடிவு வந்ததும், இருவர் சேர்ந்து பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடுகளைக் காட்டியே விளக்கினார். சாதாரண சாயத்தில் எனக்கு எல்லாச் செல்களும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. மெலனோமா செல்களில் பெரும்பாலும் இருக்கும் ப்ரேம் என்ற புரதத்துக்குச் சாயமேற்றிய ஸ்லைடை வைத்ததும் கோடு போட்டாற்போலப் பிரிந்துவிட்டது: மேலே இருந்த செல்களின் கருக்கள் அநேகமாக எல்லாமே சிவப்பு, கீழே சாயம் பிடிக்கவே இல்லை. மெலனோமாவில் பல சமயம் காணாமல் போகும் பி16 என்ற புரதம் இதற்கு நேர்மாறு. கீழே இருந்தது, மேலே காணோம். செல்கள் பெருகுவதைக் காட்டும் கேஐ-67 மேலேதான் கூடுதல். தோலுக்கு நிறம் தரும் மெலனினே பழுப்பு என்பதால், பழுப்புச் சாயம் போட்டால் எது எதுவென்று தெரியாதாம், அதனால்தான் சிவப்பு. ஒரு சாயத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்றும் அழுத்திச் சொன்னார். சாதுவான சில மச்சங்களிலும் ப்ரேம் பிடிக்கும், சில மெலனோமாக்களில் பிடிக்காது.

ஆக, மேலே மெலனோமா, அடியில் பழைய மச்சம். இந்த எல்லை தெரிவதில்தான் எல்லாமே இருக்கிறது. மெலனோமா எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்ற பிரெஸ்லோ அளவில் அடியில் இருக்கும் மச்சச் செல்களைச் சேர்க்கக் கூடாது. அவற்றையும் சேர்த்திருந்தால் எனக்கு 1.1 மி.மீ. வந்திருக்கும்; நிணநீர்க் கணுவை எடுத்துச் சோதிக்கும் பேச்சு எழுந்திருக்கும். பிரித்து அளந்ததில் 0.4 மி.மீ.தான். சுற்றிலும் 1 செ.மீ. விட்டு மறுபடி வெட்டி எடுத்ததோடு அறுவை சிகிச்சை முடிந்தது.

ஊரில் பயாப்ஸி செய்துகொள்கிறவர்கள், ரிப்போர்ட்டோடு ஸ்லைடுகளையும் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். எந்தெந்தச் சாயம், எந்தச் செல்லில், எப்படிப் பிடித்தது என்பது எழுத்தில் இருக்கட்டும். சாயமேற்றாமல் வெட்டி வைத்த ஸ்லைடுகள் நாளாக நாளாக வீரியம் இழக்கும். பிளாக் பல வருடம் தாங்கும், குளிர்பதனமும் வேண்டாம். நான் திரும்பி வந்ததும், இங்கே என்னைப் பார்க்கும் மருத்துவமனையில் அதே பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவி எடுத்துப் பார்த்தார்கள். அவர்களும் 0.4 என்றே எழுதினார்கள்.