எழுதி வைப்பதா, பிள்ளைகள் முடிவுக்கு விடுவதா?

சென்ற மாதம் நோட்டரி முன்னிலையில் என் லிவிங் வில்லில் கையெழுத்திட்டேன். நானே பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரம் அது. இனி மீளவே முடியாத நிலை வந்தால் வென்டிலேட்டர் வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம், வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அதில் இருக்கிறது. ஊசி போட்டு உயிரை முடிப்பது வேறு விஷயம். அது இந்தியாவில் இன்றும் குற்றம். 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்றுக்கொண்டது, பயனற்ற சிகிச்சையை நிறுத்தும் உரிமையை மட்டுமே.

எழுதி வைக்காதவர்களுக்கும் வழி உண்டு. குடும்பத்தார் சம்மதித்து, இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்து ஒப்புக்கொண்டால் சிகிச்சையை நிறுத்தலாம். பத்திரம் இருந்தாலும் இதே இரண்டு குழுக்கள்தான். எழுதுவதற்குச் செலவு அதிகமில்லை. முன்பு மாஜிஸ்திரேட் கையொப்பம் தேவைப்பட்டது. 2023 ஜனவரிக்குப் பிறகு இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் போதும்.

அப்படியானால் எதற்காக எழுத வேண்டும்? ‘போதும்’ என்ற சொல்லை யார் சொல்வது என்பதற்காக. அப்பா பக்கவாதத்தில் விழுந்து 19 நாட்கள் ஐ.சி.யூ.வில் கிடந்தார். தேறமாட்டார் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். “அப்பாவை இந்த நிலையில் வைத்திருப்பது பாவம்டா” என்றாள் அக்கா. “பெற்றவரை நாமே அனுப்பிவைப்பதா?” என்று அண்ணன் அழுதார். நான் வாய் திறக்கவில்லை. இருவருமே அப்பாவின் மீதுள்ள பாசத்தில்தான் பேசினார்கள். ஆனாலும் நான்கு வருடங்களாகத் திவசத்தன்றுகூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அப்பா ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அது அவருடைய சொல்லாக இருந்திருக்கும். பிள்ளைகள் தலையில் விழுந்திருக்காது.

மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கிலும் இந்தக் கேள்விதான் எழுந்தது. 1973-இல் தாக்கப்பட்டு நினைவிழந்தவருக்காகப் பேசும் உரிமை யாருக்கு? அவரை நிம்மதியாக இறக்கவிடக் கோரி மனுத் தாக்கல் செய்த பத்திரிகையாளர் பின்கி விரானிக்கா, பராமரித்துவந்த கே.இ.எம். மருத்துவமனை ஊழியர்களுக்கா? ஊழியர்களுக்கே என்றது 2011 தீர்ப்பு. அவர்கள் அருணாவைச் சாகவிட மறுத்தார்கள். 2015-இல் இறக்கும்வரை அருணா அப்படியே கிடந்தார். அவர் என்ன விரும்பியிருப்பார் என்று அவரிடம் கேட்க வழியே இல்லை.

என் பத்திரம் இன்னும் சோதனைக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நள்ளிரவு விபத்தில் யாரும் அதைத் தேடிக்கொண்டிருக்கமாட்டார்கள். நடமாடும் 58 வயதில் எழுதியதைப் படுக்கையிலும் விரும்புவேனா என்பதும் தெரியாது. நினைவு இருக்கும்வரை மாற்றி எழுதலாம் என்பதுதான் ஆறுதல்.

ஒன்றை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. மூக்குவழி உணவுக் குழாயை எடுக்கச் சொல்வது பட்டினி போடச் சொல்வதுபோல் மனதை அறுத்தது. அந்த இடத்தில் “என் மகள் முடிவு செய்யட்டும்” என்று எழுதினேன். படித்துவிட்டு அவள், “இதையும் நீங்களே எழுதிவிடுங்கள் அப்பா” என்றாள்.