கூந்தன்குளம் பறவைப் பயணம்: 6,600 ரூபாயும் ஒரு சான்றிதழும்

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ஒரு நாள் பறவைப் பயணம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. தலைக்கு 2,200 ரூபாய். நான், என் மனைவி, அண்ணன் மகள் என மூன்று பேருக்கும் முழுத்தொகையையும் முன்கூட்டியே அனுப்பினேன். பணம் போனது நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல, ஒரு தனிநபரின் எண்ணுக்கு. ரசீது கேட்டேன், கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்று வந்தது. அப்போதே விழித்திருக்க வேண்டும். நடத்தியவரின் பெயரை இங்கே எழுதவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் கொடுத்த புகார் இன்னும் முடியவில்லை.

பன்னிரண்டு பேருக்கு மேல் கிடையாது, அதிகாலை 3.30-க்கு மாட்டுத்தாவணியில் கிளம்பி விடியும்போது குளக்கரையில் இருப்போம், இருவருக்கு ஒரு பைனாகுலர், இருபது ஆண்டு அனுபவமுள்ள பறவை நிபுணர் உடன் வருவார், நெல்வயலில் மேயும் வரித்தலை வாத்துகளை அருகிலிருந்து பார்க்கலாம். இவ்வளவும் விளம்பரத்தில் இருந்தன.

நான் விழுந்தது அந்தக் கடைசி வரியில்தான். திபெத்திலும் லடாக்கிலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டிக் குளிர்காலத்துக்கு நாங்குநேரிப் பக்கத்துக் குளங்களுக்கு வரும் பறவை அது. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள். பகலில் பெரும்பாலும் குளத்து நடுவில் ஓய்ந்திருக்கும்; வயலுக்கு மேயப் போவது இரவிலும் விடியற்காலையிலும். ஆகவே விடிவதற்குள் அங்கே சேரவில்லை என்றால் அந்த வாக்குறுதிக்குப் பொருளே இல்லை.

வண்டி வந்தது 5.40-க்கு. பன்னிரண்டு பேர் என்றவர்கள் பதினெட்டுப் பேரை ஏற்றினார்கள். என் மனைவியின் மடியில் யாரோ ஒருவரின் பை மதுரையிலிருந்து கடைசிவரை பயணம் செய்தது. கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடை வாசலில் நாற்பது நிமிடம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அரைக் கிலோ வாங்கவும் செய்தேன். ஆனால் ஓட்டுநர் கடைக்காரரிடம் தனியாகப் போய்க் கை நீட்டி எதையோ வாங்கியதைப் பார்த்த பிறகு மிட்டாய் இனிக்கவில்லை. காலை உணவுக்கு இன்னொரு ஐம்பது நிமிடம். குளக்கரையில் இறங்கியபோது மணி 10.10. வெயில் உச்சந்தலையைத் தொட்டாகிவிட்டது.

இருபது ஆண்டு அனுபவமுள்ள நிபுணருக்கு வயதே இருபத்திரண்டுதான் இருக்கும். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரோ ஐந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் அவனுக்குக் கொக்குதான். கரண்டி போலவே தட்டையான மூக்கோடு ஒரு பறவை தண்ணீரை இடமும் வலமும் அரித்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் மகள் "இது கரண்டிவாயன்தானே சித்தப்பா?" என்று என்னிடம் கேட்டாள். அவன், "இல்லை பாப்பா, அது பெரிய கொக்கு" என்றான். பைனாகுலர் மொத்தம் நான்கு. எங்களுக்கு வந்ததன் ஒரு கண்ணாடியில் பூஞ்சை படர்ந்து சிலந்திவலை போல இருந்தது. அதில் பார்த்தால் எல்லாப் பறவையும் பனிமூட்டத்தில்தான் நின்றது.

இதுவரை நடந்தது பணம் போன கதை. இனிச் சொல்லப்போவதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கூந்தன்குளத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள், வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். 1994-இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் காத்த பறவைகள் அவை. அந்த ஊருக்குள் எங்கள் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே நுழைந்தது. திண்ணையில் இருந்த பாட்டி ஒருவர் வாயில் விரல் வைத்துக் காட்டினார். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை அடித்தார்.

பிறகு பயணத்தை நடத்தியவர் பெட்டியைத் திறந்து ட்ரோனை எடுத்தார். வேண்டாம் என்று இரண்டு மூன்று பேர் சொன்னோம். "இதற்கெல்லாம் அனுமதி இருக்கிறது சார்" என்றார். தேனீக் கூட்டம் போல இரைந்துகொண்டு அது குளத்தின் மேலே போனதும், நடுவில் அமர்ந்திருந்த வரித்தலை வாத்துகள், நூற்றுக்கு மேல் இருக்கும், ஒரே சமயத்தில் கத்திக்கொண்டு எழும்பின. கரையோர மரத்து நாரைகளும் கூட்டை விட்டுக் கிளம்பின. காலியான கூடுகளின் பக்கம் காகங்கள் வந்து உட்கார அரை நிமிடம்கூட ஆகவில்லை. பெரிய பறவை விலகியதும் முட்டையைக் கொத்தக் காத்திருப்பவை அவை. வண்டியில் வந்த பாதிப் பேர் கைதட்டினார்கள். நானும் என்னை மறந்து ஒரு படம் எடுத்தேன் என்பதை மறைக்கவில்லை. வனத்துறைக் காவலர் ஓடிவந்து அனுமதிக் கடிதம் கேட்டபோது அவரிடம் எதுவும் இல்லை. "ஆராய்ச்சி" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மதியம் வயல்வெளி. பிசானப் பயிர், அதாவது குளிர்காலப் போக நெல், கதிர் விட்டிருந்த நேரம். பதினெட்டுப் பேரையும் ஒரு முழ அகல வரப்பில் வரிசையாக ஏற்றிவிட்டார்கள். மடைக்குப் பக்கத்தில் யாரோ கால் சறுக்க, வரப்பு சரிந்து தண்ணீர் கீழ்வயலுக்குள் ஓட ஆரம்பித்தது. மண்வெட்டியோடு வந்த விவசாயி எங்களைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "யாரைக் கேட்டு ஏறினீர்கள்?" இந்த மாதத்தில் தன் வயலுக்குள் வந்த மூன்றாவது வண்டி இது என்றார். பயணத்தை நடத்தியவர் அதற்குள் வண்டியில் ஏறி ஏசியைப் போட்டிருந்தார். நானும் இன்னும் இருவரும் இறங்கிக் கையால் சேற்றை அள்ளிக் கொடுக்க, அவர் மிதித்து மிதித்து வரப்பைக் கெட்டிப்படுத்தினார். பணம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. முகமும் மாறவில்லை.

திரும்பும் வழியில் ஆளுக்கொரு சான்றிதழ் தந்தார்கள். 'இவர் 62 வகைப் பறவைகளைக் கண்டறிந்தார்' என்று பெயர்ப்பட்டியலோடு முன்கூட்டியே அச்சடித்து, டிக் அடித்து, லேமினேட் செய்தது. எங்கள் கணக்கு பத்தொன்பது. பட்டியலில் இருவாச்சி இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் பெருமரங்களின் பொந்தில் கூடு கட்டும் இருவாச்சியை நாங்குநேரி நெல்வயலில் கண்டறிந்த பெருமை எங்கள் பதினெட்டுப் பேரையே சேரும்.

நடத்தியவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டேன். "பறவை நம் கையிலா இருக்கிறது சார், வந்தால் வரும்" என்றார். பறவைகள் வந்திருந்தன, நீங்கள்தான் நேரத்துக்கு வரவில்லை என்றேன். இரண்டு நாள் கழித்து 1,500 ரூபாய் தருவதாகச் சொன்னார், எங்கும் எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடு. வேண்டாம் என்றுவிட்டேன்.

இப்படிப் பயணம் போக நினைப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கூட வரும் வழிகாட்டி யார், பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்ட் இணையதளத்தில் அவருடைய பட்டியலைப் பார்க்க முடியுமா? உண்மையாகப் பறவை பார்ப்பவர் மறு நிமிடமே அனுப்பிவிடுவார். வாத்துகள் வயலில் எப்போது மேயும்? இதற்கு 'நாள் முழுக்க' என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். திருநெல்வேலியில் முந்தைய இரவு தங்கி, மூலைக்கரைப்பட்டி வழியாக விடிவதற்குள் நீங்களே போய்விட்டால் இந்தக் கேள்விகளும் தேவையில்லை. கரையில் நின்று பார்த்தாலே போதும், வரப்பில் ஏற வேண்டாம்.

நேற்று அவருடைய அடுத்த பயண விளம்பரம் வந்தது. தலைக்கு 2,500 ரூபாய் ஆக்கியிருக்கிறார். மேலே கூட்டமாக எழும்பும் வரித்தலை வாத்துகளின் படம், 'விடியலில் சிறகடிக்கும் விருந்தினர்கள்' என்ற வரியோடு. பயணக் குழுவில் நான் பகிர்ந்திருந்த படம் அது. எடுத்த நேரம் காலை 10.52. வலது மூலையில் ட்ரோன் இருந்த இடத்தை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.